குளிர்மலைச் செடியும் பெருங்குடி வெயிலும்

ஒவ்வோர் உயிரும் தான் தோன்றிய நிலத்தின் தட்பவெப்பத்தைத் தன் உடலோடு கொண்டே பிறக்கின்றது. குறிஞ்சிக்கு உரியதை நெய்தலிற் கொணர்ந்து வைப்போர், அதன் இயல்பை அறியாது அன்பு ஒன்றினாலேயே அதனை வாழ்விக்க இயலாது. இவ்வுண்மையை யாம் நூல்களிற் கற்றதினும் ஒரு மண்தொட்டியினிடத்துக் கற்றதே மிகுதி. அவ்வரலாற்றைக் கல்லூரி நண்பர்களுக்குக் கூறுதல் பயனுடைத்தாகும் என்று கருதுகின்றோம்.

2017-ஆம் ஆண்டு மார்கழித் திங்களில் எம் அன்னையார், குன்னூரில் நெடுங்காலம் வாழ்ந்த மனையை விடுத்து, பெருங்குடியில் எம்மோடு வாழ வந்தார். தந்தையார் காலமான பின் அவர் தனித்திருத்தல் தகாது என்று யாமே வற்புறுத்தி அழைத்தோம். அவர் கொணர்ந்தவை இரண்டு பெட்டிகளும் ஒரு தொட்டியுமே. தொட்டியில் இருந்தது சிம்பிடியம் என்னும் ஆர்க்கிடுச் செடி. தந்தையார் தம் கையால் வைத்தது. மாசி பங்குனியில் இளமஞ்சட் கொத்தாக மலர்வது.

குன்னூர் கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்திலுள்ளது. ஆயிரம் மீட்டர் ஏறுந்தோறும் வெப்பம் ஆறு டிகிரிக்குச் சற்று மேலாகக் குறையும் என்பர். ஆதலின் அவ்வூருக்கும் எம் இல்லத்திற்கும் இடையே பன்னிரண்டு டிகிரி அளவு வேற்றுமை உண்டு. பெருங்குடியோ, கிழக்கே கடலும் தென்மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் சூழ, நடுவே பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடி மாளிகைகள் வெயிலை எதிரெறியும் இடம். மார்கழியும் தையும் செடிக்கு இனிதே கழிந்தன. சித்திரை பிறந்தது, கத்திரி வெயிலும் வந்தது. பகலில் முப்பத்தெட்டு, இரவில் இருபத்தெட்டு என வெப்பமானி காட்டிற்று. இலைநுனிகள் கருகின, வேர்கள் சில அழுகின.

அறியாமையால் யாம் முதலிற் செய்த பிழைகள் பல. நண்பகலில் பனிக்கட்டியைத் தொட்டியில் இட்டோம். அது வேரைத் தாக்கியதேயன்றிச் செடியைக் குளிர்வித்ததில்லை. மாலைதோறும் இலைகள் நனைய நீர் தெளித்தோம். புழுக்கமான இரவில் ஈரம் உலராமல் தங்கி அழுகலை வளர்த்தது. ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு இலைநுனியைக் கருக்கிற்று.

இத்தகைய பிழை எமக்கு மட்டும் உரியதன்று. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், ஆங்கில நாட்டுச் செல்வர் வெப்பநாடுகளிலிருந்து ஆர்க்கிடுகளைக் கப்பல் கப்பலாக வரவழைத்து, கரி எரித்துச் சூடேற்றிய கண்ணாடி மனைகளில் காற்றோட்டமின்றி அடைத்தனர். வெப்பநாட்டுச் செடியாயின் வெப்பமே வேண்டும் என்பது அவர் எண்ணம். அவற்றுட் பல மலைமுகட்டுக் குளிரிலே பிறந்தவை என்பதை அவர் சிந்தித்திலர். எண்ணிறந்த செடிகள் மடிந்தன. சாட்ஸ்வொர்த் தோட்டத்தில் ஜோசப் பாக்ஸ்டன் காற்றும் அளவான வெப்பமும் அளித்து வெற்றி கண்டார். 1860-களில் ஜேம்ஸ் பேட்மன் குளிர்நிலத்து ஆர்க்கிடுகளைக் குளிரிலேயே வளர்க்க வேண்டும் என்று எடுத்துரைத்தார். அவர்கள் மிகுந்த சூட்டை நீக்கக் கற்றனர். யாமோ இல்லாத குளிரை உண்டாக்கக் கற்க வேண்டியவரானோம்.

மெல்ல மெல்லச் சில முறைகளைக் கண்டறிந்தோம். காங்கிரீட்டுச் சுவர் பகலெல்லாம் உண்ட வெப்பத்தை இரவெல்லாம் உமிழும். ஆதலின் செடியை மேற்குச் சுவரினின்று அகற்றி, காலை வெயில் மட்டும் படும் கிழக்குத் தாழ்வாரத்தில், நிழல்வலையின் கீழ் வைத்தோம். தொட்டியைப் பெரியதொரு மண்தொட்டிக்குள் நிறுத்தி, இடைவெளியில் ஈரமணல் நிரப்பினோம். மண்பானையில் நீர் குளிரும் முறையே இது. மேல்காற்று வறண்டு வீசும் காலையில் இது நன்கு பயன்பட்டது. பிற்பகலில் கடற்காற்று ஈரத்தோடு புகுந்தபின் பயன் குன்றிற்று. சிறு மின்விசிறி ஒன்றை இரவெல்லாம் இயக்கி, காற்று தேங்காமற் காத்தோம். நீர் வார்ப்பதை விடியற்காலைக்கு மாற்றினோம். ஐப்பசி கார்த்திகை மழைநீரைச் சேமித்து அதனையே வார்த்தோம். அடுத்த கோடையில் இலைகள் பசுமையாக நின்றன.

ஆயினும் பூ வரவில்லை. பெருமலர்ச் சிம்பிடியங்கள், இமயச் சாரலிலும் பர்மா, இந்தோசீன மலைகளிலும் வளரும் இனங்களைக் கலந்து உண்டாக்கியவை. அவை அரும்பெடுக்க, இலையுதிர் காலத்து இரவுகள் பத்து முதல் பதினான்கு டிகிரி வரை குளிர்தல் வேண்டும். சென்னையிலோ தைத் திங்களின் இரவும் இருபது டிகிரிக்கு வெகுவாகக் கீழே இறங்குவது அருமை. இரவு வெம்மையானால், பகலிற் சேர்த்த உணவைச் செடி சுவாசத்திலேயே செலவிட்டுவிடும். பூவுக்கு மிச்சம் ஏது?

இதனை அறிந்த யாம், 2018-ஆம் ஆண்டு ஐப்பசியில், செடியை அன்னையாரின் அறையில் வைத்துக் குளிர்சாதனப் பொறியை இரவில் பதினெட்டு டிகிரியில் இயக்கினோம். இருவரும் மலைநாட்டினர், இருவருக்கும் குளிர் நலந்தரும் என்று எண்ணினோம். அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு திங்கள் சென்றபின் ஒரு நள்ளிரவில் இருமல் ஒலி கேட்டு உள்ளே சென்றோம். அவர் கம்பளி போர்த்து, உறங்காமல் கட்டிலில் அமர்ந்திருந்தார். “மலைக்குளிர் வேறு, தம்பி, இது அடைத்துவைத்த காற்று. உன் அப்பா வைத்த செடியாயிற்றே என்று பொறுத்திருந்தேன்” என்றார். செடியின் இலையை நாள்தோறும் நோக்கிய யாம், அன்னையாரின் முகத்தை நோக்க மறந்தோம். அன்றே பொறியை நிறுத்தினோம். அந்த நாணம் இன்றும் எம்மை விட்டு நீங்கவில்லை.

2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டன. எம் தெருவினர் லாரி நீருக்குக் குடங்களோடு காத்திருந்தனர். அந்நாளில் ஒரு பூச்செடிக்கு நன்னீர் வார்க்க அன்னையார் மனம் ஒப்பவில்லை. கூடத்துக் குளிர்சாதனப் பொறியிலிருந்து சொட்டும் நீரை வாளியிற் பிடித்து வார்த்தார். உப்பற்ற அந்நீர் செடிக்கு உகந்ததாயிற்று. ஆயினும் ஆவணி வந்ததும் அவரே கூறினார்: “இதைக் குன்னூருக்கு அனுப்பிவிடு. உயிரோடு வைத்திருப்பது வேறு, வாழவைப்பது வேறு.”

உறவினர் ஒருவர் கையில் தொட்டி மலையேறிற்று. 2020-ஆம் ஆண்டு பங்குனியில், ஊரடங்கினால் நாடெங்கும் வழிகள் அடைபட்டிருந்த நாட்களில், கைப்பேசியில் ஒரு படம் வந்தது. இரண்டு கொத்துகள், அதே இளமஞ்சள். அன்னையார் அதனை நெடுநேரம் பார்த்திருந்தார். “அம்மா, வழி திறந்ததும் தாங்களும் குன்னூருக்குத் திரும்ப விரும்புகின்றீர்களா?” என்று தயங்கித் தயங்கி வினவினோம். முன்னமே கேட்டிருக்க வேண்டிய வினா அது. அவர் சிறிது எண்ணி, “அதற்குக் குளிர் போதும். எனக்குப் பேரப்பிள்ளைகள் வேண்டும். இங்கேயே இருக்கிறேன், சன்னலை மட்டும் திறந்து வை” என்றார்.

இப்பொழுது அத்தாழ்வாரத்தில் வாண்டா ஒன்று தொங்குகின்றது. தமிழ்நாட்டுச் சமவெளிக் காடுகளில் மரக்கிளைகளைப் பற்றி இயல்பாக வளரும் இனம், நாற்றுப்பண்ணையிற் பெருக்கியது. மண் வேண்டாது, வெயிலுக்கு அஞ்சாது, காற்றில் வேர்விட்டு மணம் வீசுகின்றது. குளிர்நிலத்துச் செடியை வெப்பமனையில் வளர்க்க விழையும் அன்பர்களுக்கு மேற்கூறிய முறைகள் உதவும். வேர் காக்கப்படும், இலை பசுமையாகும். ஆயின் ஓர் உயிரை நம் மனைக்கு அழைக்குமுன், அது எதனை விட்டு வருகின்றது என்பதை அறிதலும், அழைத்தபின் அதற்கு யாது வேண்டும் என்று அதனையே கேட்டலும் நம் கடனாகும். செடி இலையால் விடை கூறும். மனிதர் பல வேளைகளில் வாய்திறவார். அவரிடத்து நாமே சென்று கேட்டல் வேண்டும்.