பரண் மேல ஒரு சர்வர்!

உங்க வீட்டுப் பரண்ல அந்தப் பழைய கவர்மென்ட் லேப்டாப் தூங்குதா பாஸ்? எடைக்குப் போட்டுடாதீங்க. போன மாசம் நானும் போடத்தான் இருந்தேன்.

எங்க ஊர் ஆம்பூர். (பிரியாணி பத்திக் கேட்காதீங்க, அது தனிக் கட்டுரை!) அப்பாவுக்கு டேனரியில் ஃபினிஷிங் செக்‌ஷன்ல வேலை. அவர் போனைத் திறந்தா முக்கால்வாசி தோல் துண்டு போட்டோதான். பிரவுன்லயே நாற்பது வகை... எனக்கு எல்லாம் ஒரே பிரவுன்! 'மெமரி ஃபுல்'னு போன் கத்தும்போதெல்லாம் எதையாவது அழிச்சுத் தள்ளுவார். அப்படிப் போனதுல ஒண்ணு, தாத்தாவோட வீடியோ.

தாத்தாவும் தோல்காரர்தான். 2016 பொங்கலன்னிக்குத் திண்ணையில் உட்கார்ந்து, ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதப்படுத்தின காலத்தைப் பத்தி ஏழு நிமிஷம் பேசினார். இப்போ குரோம் போட்டு ட்ரம்ல சுத்தினா ஒரு நாள்ல முடியுற வேலைக்கு, அப்போ தோல் வாரக்கணக்கா தொட்டியில ஊறுமாம். இன்னிக்குத் தாத்தா இல்லை. சொந்தக்காரங்க வாட்ஸ்அப்ல கை மாறிக் கை மாறித் தேய்ஞ்ச ஒரு நிமிஷத் துண்டுதான் மிச்சம். முகமே சதுரம் சதுரமா தெரியுது.

இனி எதுவும் தொலையக் கூடாதுன்னுதான் வீட்டுக்கு ஒரு ஃபைல் சர்வர் போட முடிவு பண்ணேன். பெரிசா ஒண்ணும் இல்லை. மூலையில ஒரு கம்ப்யூட்டர் எப்பவும் ஓடும், வீட்டு வைஃபையில இருக்கிற எல்லா போனும் அதுல போட்டோவைக் கொட்டும். பழைய டெஸ்க்டாப்தான் முதல் ஐடியா. ஆனா அது 65 வாட் இழுத்தா, ரெண்டு மாசத்துக்கு 94 யூனிட். 2016ல இருந்து கிடைக்கிற இலவச 100 யூனிட்டை அதுவே முழுங்கிடும்! லேப்டாப்னா 20 வாட், 29 யூனிட்தான். அக்கா 2013ல ப்ளஸ் டூ படிச்சப்போ வாங்கினது பரண்ல இருந்துச்சு. 2 ஜிபி ராம், 320 ஜிபி டிஸ்க். ப்ராசஸர் 64 பிட்ங்கிறதால தப்பிச்சேன். 2025 ஆகஸ்ட்ல வந்த டெபியன் 13-ஐ 32 பிட் மெஷின்ல இன்ஸ்டால் பண்ண முடியாது.

இன்ஸ்டாலர் 'முழு டிஸ்க்கையும் எடுத்துக்கவா?'ன்னு கேட்டுச்சு. என்டர் மேல விரல். கரெக்டா அப்போ ஓசூர்ல இருந்து அக்கா போன்.

"டேய், அதுல என் காலேஜ் போட்டோ இருக்கும்டா. பார்த்துட்டு அழி!"

முணுமுணுத்துக்கிட்டே விண்டோஸுக்குப் போனேன். அது கண் முழிக்கவே பன்னிரண்டு நிமிஷம். டி டிரைவ்ல 'அப்பா போன்'னு ஒரு ஃபோல்டர். எப்பவோ அக்கா காப்பி பண்ணி வெச்சது. உள்ளே தாத்தா. முழுசா, ஏழு நிமிஷம்.

கை நடுங்கிடுச்சு பாஸ். அப்பா தெரியாம அழிச்சார். நான் தெரிஞ்சே அழிக்க இருந்தேன். முதல்ல ரெண்டு பென் டிரைவ்ல காப்பி போட்டுட்டுத்தான் மறுபடி என்டர்.

அப்புறம் சம்பா. நெல் இல்லை, சாஃப்ட்வேர்! ஆஸ்திரேலியாவுல ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1991ல எழுத ஆரம்பிச்சது. எஸ், எம், பி மூணும் வர்ற வார்த்தையை டிக்‌ஷனரியில தேடி வெச்ச பேராம். ஷேர் ஃபோல்டர், யூசர், பாஸ்வேர்டு... ஒரு சாயங்காலத்துல முடிஞ்சது. ரௌட்டர்ல லேப்டாப்புக்கு நிரந்தர ஐ.பி.யும் கொடுத்தாச்சு. வெளி இன்டர்நெட்டுக்கு மட்டும் திறந்து விடாதீங்க.

பெருமையா மூடியைச் சாத்தினேன். சர்வரும் தூங்கிடுச்சு! மூடினாலும் முழிச்சிருக்கணும்னா லாகின்டி கான்ஃபிக் ஃபைல்ல 'ஹேண்டில் லிட் ஸ்விட்ச்'சை 'இக்னோர்'னு மாத்தணும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ராத்திரி. பேட்டரி வேற செத்தது, கரன்ட் போனா சர்வரும் போச்சு. புது பேட்டரிக்குப் பாக்கெட் மணி சேர்த்துட்டிருக்கேன்.

பழைய டிஸ்க்கை நம்பி மட்டும் உட்காராதீங்க. 2021 நவம்பர்ல பாலாறு வந்த வேகத்தைப் பார்த்தவன் நான். அதனால ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்ல எல்லாத்தையும் காப்பி போட்டு ஓசூருக்கு அனுப்பிட்டேன். அக்கா வரும்போதெல்லாம் அதுவும் வரும்.

ஞாயித்துக்கிழமை டி.வி.யில தாத்தாவைப் போட்டுக் காட்டினேன். அப்பா ரெண்டு தடவை பார்த்தார். ஒண்ணும் பேசலை. அப்புறம் போனை என் கையில கொடுத்து, "இந்தத் தோல் போட்டோவையும் இதுலயே ஏத்திடு"ன்னார்.

இப்போ சர்வர்ல 9 ஜிபி பிரவுன்.