நோட்டு காப்பாற்றிய சம்பளம்

பொங்கலூரில் எங்கள் வீட்டை ஒட்டியே பனியன் தைக்கும் சின்ன யூனிட். மிஷின்கள் என் கணவர் பொறுப்பு; கணக்கு என் பொறுப்பு.

தினமும் கணக்கை ஒரு ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுப்பேன். ஆனால் அதைக் கம்ப்யூட்டரிலேயே செருகி வைத்திருப்பேன். ஐப்பசியில் ஒருநாள் விழுந்த இடியில் இரண்டுமே போயிற்று! மறுநாள் சனிக்கிழமை, சம்பள நாள். யாருக்கு எத்தனை பீஸ், எவ்வளவு அட்வான்ஸ்? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அழுகாதீங்கக்கா, எங்க நோட்டுல இருக்குதுங்க" என்று தைக்கிற பெண்கள் ஆளுக்கொரு குட்டி நோட்டை நீட்டினார்கள். வேறிடத்தில் இருந்த பிரதிதானே காப்பாற்றியது!

இப்போது இரண்டு டிஸ்க், வாரம் மாற்றி வாரம். ஒன்று பல்லடத்தில் அம்மா வீட்டில் இருக்கும். மாதம் ஒருமுறை திறந்தும் பார்த்துவிடுவேன். ஜி.எஸ்.டி. கணக்கை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டுமே!

"கெட்டுப்போனதை இரும்புக்காரனுக்குப் போட்டுடு அம்மிணி" என்றார் அத்தை. எனக்கு மனசு கேட்கவில்லை. அதில் அந்தப் பெண்களின் ஆதார் நகலும் பாங்கி எண்ணும் இருந்தன. கெட்ட டிஸ்கிலிருந்தும் விவரம் எடுக்க முடியுமாம். நல்ல டிஸ்கிலும் 'டெலீட்' செய்தால் புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்த மாதிரிதான். பக்கங்கள் அப்படியே இருக்கும். முழுக்க மேலெழுதினால்தான் அழியும். என்னுடையதில் எழுதவே வழியில்லை. லேத் பட்டறையில் உள்தகடு வரை துளை போட்டு, அனுமதி பெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் கொடுத்தேன்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் பழைய டிஸ்க், பென் டிரைவ் கிடக்கிறதா? போடுமுன் ஒரு நிமிஷம் யோசியுங்களேன்!