கனம் என்னும் பட்டம்

பெரம்பலூரில் விடியற்காலைப் பஸ்ஸில், சின்ன வெங்காய மூட்டைகளுக்கு நடுவே கிடைத்த இடத்தில் அமர்ந்து, இதே கரிசல் மண்ணில் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பு ஊர் ஊராகச் சென்று பாடிப் பிழைத்த சங்கீத வித்துவான்களையே நினைத்துக்கொண்டிருந்தேன். குன்னத்தில் இறங்கிச் சிறிது நேரம் நின்றேன். உ. வே. சாமிநாதையரின் தந்தையார் வேங்கடசுப்பையர், மனைவி மக்களோடு வந்து தங்கி, இராம கதையைப் பாடிப் பிரசங்கம் செய்து குடும்பத்தைக் காப்பாற்றிய ஊர்களுள் அதுவும் ஒன்று. அவருக்குச் சங்கீதம் கற்பித்த குருவைத் தேடியே என் பயணம்.

அந்தக் குரு கனம் கிருஷ்ணையர் (1790–1854). பெரிய திருக்குன்றம் என்னும் ஊரிற் பிறந்து, தஞ்சை அரண்மனையில் ஏற்கெனவே வித்துவான் என்ற மதிப்பைப் பெற்றிருந்த அவர், பொப்பிலியிலிருந்து வந்த கேசவையா நாபியிலிருந்து எழும் கம்பீர நாதத்தோடு கன மார்க்கத்தைப் பாடிச் சபையைப் பிரமிக்கச் செய்தபோது, இனிக் கற்கவேண்டுவது என்ன இருக்கிறது என்று இராமல், மீண்டும் மாணாக்கராகி, உடம்பை வருத்திச் சாதகம் செய்து அதனைக் கைவரச் செய்துகொண்டார். பெயருக்கு முன்னே நிற்கும் 'கனம்' என்ற சொல் அந்த உழைப்பின் கூலி. பிற்காலத்துப் பட்டங்கள் பலவற்றை நான் இதனோடு ஒப்பிடத் துணியமாட்டேன்.

அரியலூரில் பஸ் மாறினேன். சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக் கல் ஏற்றிய லாரிகளின் வெண்புழுதி வழியெல்லாம் உடன்வந்தது. உடையார்பாளையத்தை அடைந்தபோது உச்சிவேளை. பயறணீசுவரர் ஆலயத்துக்கு எதிரேயுள்ள பெரிய குளத்தின் படியில் உட்கார்ந்தேன். வெயிலிற் காய்ந்த கல்லின் சூடு வேட்டியைத் தாண்டிச் சுட்டது. கடைசிப் படியில் ஒரு கிழவர் துண்டை அலசிக்கொண்டிருந்தார்.

"அரமனையில பாடினவங்க வீடு எந்தப் பக்கம் ஐயா?" என்றேன்.

"பாட்டுக்காரங்க நெறைய இருந்தாங்கன்னு எங்க தாத்தா சொல்லுவாரு. வீடெல்லாம் எங்கங்க இருக்கப்போகுது?" என்று சொல்லித் துண்டைப் பிழிந்தார்.

திருவிடைமருதூரில் தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தவரான அமரசிம்மரின் ஆதரவில் இருந்துவிட்டுப் பின்பு இவ்வூர்ச் சமஸ்தானத்துக்கு வந்த கிருஷ்ணையரிடம் ஜமீன்தார் ஒரு சமயம் முகங்கொடாமல் இருந்தாராம். அதற்காக அவர் விண்ணப்பம் எழுதவில்லை. பிறரிடம் குறை கூறவும் இல்லை. முன்பு வாரி வழங்கிய நாயகன் இப்போது பாராமுகமாக இருப்பதை எண்ணி நாயகி நொந்து பேசுவதாக ஒரு பதம் இயற்றிப் பாடினார். கேட்ட ஜமீன்தார் குறிப்பை உணர்ந்து மனம் இளகினார் என்பது கர்ணபரம்பரை. தம்முடைய மனத்தாங்கலையே நாயகியின் தாபமாக உருமாற்றி, கேட்பவர் நாணவும் வேண்டும், ரசிக்கவும் வேண்டும் என்று அமைத்த அந்தச் சாமர்த்தியத்தை எண்ணுந்தோறும் எனக்கு மெய் சிலிர்க்கிறது. பிறரை அண்டி வாழ்ந்தும் தம் மானத்தைச் சிறிதும் விட்டுக்கொடாத கலைஞர் அவர்.

நான் கேட்டறிந்த அவருடைய பதங்களில் முத்துக்குமாரர் பெயரும் உடையார்பாளையம் ஜமீன்தாரான கச்சிரங்கர் பெயரும் வருகின்றனவேயன்றி, இயற்றியவர் பெயரைக் கண்டதில்லை. ஆயினும் வீணை தனம்மாள் வீட்டாரின் குரலில் அவை வாழ்ந்தன. நடன மாதர்களின் அபிநயத்தில் வாழ்ந்தன. அவருடைய வரலாற்றையோ, 1936-இல் சாமிநாதையரவர்களே நூலாக எழுதிவைத்தார்கள். ஜமீன்தார்களின் பெயரை இன்று தொலைதூரத்திலுள்ளவர்களும் உச்சரிக்கிறார்களென்றால், அந்தப் பதங்களே காரணம்.

மாலையில் திரும்பும் வழியில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்று பாடுவது காதில் விழுந்தது. கனம் கிருஷ்ணையர் பாடி வாழ்ந்த மண்ணில் வளரும் அந்தக் குழந்தைகளுக்கு அவருடைய பதங்களில் ஒன்றையேனும் சங்கீத ஆசிரியர்கள் கற்றுக்கொடுக்க வேண்டுமென்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.