ஏற்றம் எளிது, இறக்கம் அரிது

இம்மலரைக் கையில் எடுப்போருள் என் வயதினரும் பலர் இருப்பர். அவர் பொருட்டே இதனை எழுதுகின்றேன். கொத்மலைத் தோட்டப் பாடசாலையொன்றில் நெடுங்காலம் உபாத்தியாயராய் இருந்து இளைப்பாறியவன் யான். எழுபதை அண்மித்தபோது விந்தையானதொரு நோய் பற்றியது. மேடேறுங்கால் துன்பமில்லை. லயங்களை நோக்கிப் பள்ளத்தில் இறங்கும்போதோ, நூறடி செல்லுமுன் இரு கால்களும் மரத்து, தொடையிலிருந்து கெண்டைக்கால்வரை எரியும். மதகுக் கட்டிற் சற்றே குந்தினால் நோவு மறைந்துவிடும். "வயசானா வாதம் வரத்தானே செய்யும், மாஸ்டர்" என்றனர் அயலார்.

வாதமன்று என்பதைக் கண்டியில் எடுத்த எம்.ஆர்.ஐ. படம் காட்டிற்று. முள்ளந்தண்டினுள் நரம்புகள் செல்லும் வழி இடுப்பளவில் ஒடுங்கியிருந்தது. வயது செல்லச் செல்ல என்புகளுக்கு இடையிலுள்ள தட்டுக்கள் உலர்ந்து பிதுங்குகின்றன. பின்புறத்து மூட்டுக்களும் அவற்றைப் பிணைக்கும் மஞ்சள் நிற இழையமும் தடிக்கின்றன. நிமிர்ந்தால் அவ்வழி மேலும் நெருங்கும்; குனிந்தால் விரியும். ஏற்றத்தில் உடல் தானே முன்சாய்கின்றது, இறக்கத்திற் பின்சாய்கின்றது. புதிர் அவ்வளவே. இரத்தக்குழாய் அடைப்பாலும் நடக்கையிற் கால் நோகும்; ஆயின் அந்நோவு ஏற்றத்திலேயே மிகும், குந்தாமல் நின்றாலே தணியும். ஒல்லாந்து தேசத்து ஊட்ரெக்ட் நகரின் சத்திரசிகிச்சை நிபுணர் வெர்பீஸ்ட் 1954இல் இவ்வொடுக்கத்தை விளக்கி எழுதியபின்னரே மருத்துவ உலகம் இதனை நன்கு கவனித்தது. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி முன்சாய்ந்தே மலையேறும் நம் மூதாட்டியருள் எத்தனை பேரிடம் இது மறைந்திருக்கின்றதோ!

வைத்தியர் ஒளிவின்றிப் பேசினார். கால்நோவு குறையும், இடுப்பு நோவுக்கு உறுதியில்லை. 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், சத்திரசிகிச்சை பெற்றோர் ஈராண்டின்பின் ஏனையோரினும் நலமாயிருந்தனர். 2015இல் வெளியான எட்டாண்டுக் கணக்கிலோ அவ்வேறுபாடு பெரிதும் சுருங்கிவிட்டது. இளையவர் இதைக் கேட்டுத் தயங்கலாம். எழுபது வயதினனுக்கு நாலாண்டு நடை சிறு செல்வமா? இசைந்தேன்.

என்பின் பின்வளைவைச் சிறிது அகற்றித் தடித்த இழையத்தையும் நீக்கினர். மறுநாளே எழுந்து நிற்கச் செய்தனர். எல்லாருக்கும் கத்தி வேண்டுவதில்லை. பயிற்சியாலும் மருந்தாலும் காலங்கழிப்போர் உளர். ஆனால், சிறுநீர் கட்டுப்பாடிழந்தாலோ, தொடைகளின் நடுவே உணர்வற்றாலோ ஒருநாளும் தாமதித்தல் ஆகாது. அன்றே வைத்தியசாலை செல்க.

இன்று பணியக் கணக்குவரை ஓய்வின்றி இறங்குகின்றேன். இடுப்பு நோவு இருக்கின்றது. பனிக்காலையிற் சற்று மிகும்.