நிக்கியாவும் அம்மணியும்

'லா பயடேர்' பாலேயில் நிழல்களின் காட்சியை ஆடியவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது தொடைவலிதான். மேடையின் பின்புறச் சரிவில் வெள்ளுடைப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்குவார்கள். முன்காலை மடக்கி மறுகாலைப் பின்னே நீட்டும் அராபெஸ்க், பிறகு உடலைப் பின்சாய்த்துக் கைகளை உயர்த்துதல், சில அடிகள், மறுபடியும் அதே. 32 பேர் ஆடும்போது முதலில் இறங்குபவள் முப்பது முறைக்கும் மேல் செய்தாக வேண்டும். தாவலோ சுழற்சியோ இல்லாததால் எதையும் மறைக்க முடியாது. ஒரு கணுக்கால் நடுங்கினாலும் அரங்குக்கே தெரிந்துவிடும். முன்னால் போகிறவளின் மூச்சைக் கேட்டுத்தான் நான் இறங்குவேன்.

இப்போது அதைக் கற்பிக்கிறேன். சிறுவயதில் பரதமும் பயின்றவள் என்பதால், இது இந்திய நடனமா என்று மாணவிகள் என்னிடம் கேட்கிறார்கள்.

இல்லை. கோயில் நடனப்பெண் நிக்கியா, அவளைக் காதலித்துவிட்டு ராஜாவின் மகளை ஏற்கும் வீரன் சோலோர், பூக்கூடைக்குள் பாம்பு: இந்தக் கதையை 1877இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மேடையேற்றியவர் மாரியுஸ் பெத்திப்பா. இசை லுட்விக் மின்குஸ். அபின் மயக்கத்தில் சோலோர் காணும் நிழல்களுக்கு, தாந்தேயின் சொர்க்கத்துக்கு குஸ்தாவ் தோரே வரைந்த படங்கள் தூண்டுதல் என்பார்கள் பாலே வரலாற்றாசிரியர்கள். இந்த பாலேயின் உச்சமான காட்சியில் இந்தியாவே இல்லை. பல தயாரிப்புகளில் கைதட்டல் வாங்கும் தங்கச்சிலை நடனமும் 1948இல் சேர்ந்ததுதான்.

ஆனால் ஐரோப்பா உண்மையான தேவதாசிகளைப் பார்த்திருந்தது. 1838இல் கடலூரை அடுத்த திருவந்திபுரத்திலிருந்து ஒரு குழு புதுச்சேரி வழியாக பாரிஸ் சென்று ஆடியது. அதில் ஆடிய அம்மணி என்ற பெண்ணைக் கண்டு வியந்து எழுதினார் பிரெஞ்சு எழுத்தாளர் தியோஃபில் கோத்தியே. ஷான் ஒகுஸ்த் பார் அவளைச் சிலையாக வடித்தார். இருபது ஆண்டு கழித்து கோத்தியே எழுதிய 'சகுந்தலா' பாலேக்கு நடனம் அமைத்தவர் மாரியுஸின் அண்ணன் லூசியன் பெத்திப்பா. 'லா பயடேர்' உருவானதில் அந்த பாலேவுக்கும் பங்குண்டு என்பது பரவலான கருத்து.

பாலே, பரதம் இரண்டையும் உடம்பில் சுமப்பவளாகச் சொல்கிறேன்: அந்தப் பாதையில் உடையும் பெயரும் வந்தன, ஆட்டம் வரவில்லை. பாலேயிலும் அரைமண்டியிலும் தொடை இடுப்பிலிருந்துதான் வெளிப்புறம் திரும்புகிறது. அங்கிருந்து பாலே உடலை மேலே இழுக்கிறது. அடவோ கீழே அமர்ந்து தரையைத் தட்டுகிறது. அம்மணியின் பாதத்தில் இருந்த தாளக்கணக்கும் கண்ணில் இருந்த அபிநயமும் நிக்கியாவிடம் இல்லை. சலாம் போடுவதும் நெற்றியில் கை வைப்பதும் அதற்கு ஈடாகாது. அவற்றை என் வகுப்பில் குறைத்துவிடுவேன். நிழல்களின் காட்சியில் மட்டும் ஓர் அசைவையும் தொட மாட்டேன். கார் த பாலே என்னும் குழு நடனக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய பரீட்சையை நான் ஆடியதில்லை.

இந்த பாலேயை மேடையேற்றும் அரங்குகளுக்கு ஒரு வேண்டுகோள். நிகழ்ச்சி மலரில் பெத்திப்பா, மின்குஸ் பெயர்களோடு அம்மணியின் பெயரையும் திருவந்திபுரத்தின் பெயரையும் அச்சிடுங்கள்.