இரண்டு விமானங்களுக்கு நடுவே காட்கோபர்

மும்பையில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வகை போன் அடிக்கடி வரும். துபாயிலிருந்தோ மஸ்கட்டிலிருந்தோ ஊருக்குப் புறப்படும் சொந்தக்காரர் பேசுவார். “மச்சான், மதுரை ஃபிளைட்டுக்கு நடுவுல பம்பாயில எட்டு மணி நேரம் சும்மா கெடக்கணும். கேட்வே, மெரைன் டிரைவ் எல்லாத்தையும் ஒரு ரவுண்டு பாத்துருவோமா?” காட்கோபர்வாசியான நான் வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்றுதான்: “அங்கெல்லாம் வேண்டாம் அத்தான், நேரா நம்ம பக்கம் வாங்க.” விருந்தோம்பலுக்காகச் சொல்வதாக அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அது பாதிதான். மீதிக்குக் கணக்கு இருக்கிறது.

எட்டு மணி நேரம் என்பது டிக்கெட்டில் இருக்கும் எண். வெளிநாட்டிலிருந்து வந்து உள்நாட்டு விமானம் மாறுகிறவர் குடிநுழைவுச் சோதனையையும் சுங்கத்தையும் மும்பையிலேயே முடித்தாக வேண்டும். பெட்டியையும் பெரும்பாலும் இங்கேயே எடுத்து, மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். இதற்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். அடுத்த விமானத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக உள்ளே இருந்தால்தான் மனசு அடங்கும். எட்டில் மிஞ்சுவது நாலரை. அந்த நாலரையை எடுத்துக்கொண்டு மாலை நேரத்தில் டாக்சியில் தெற்கு மும்பைக்குக் கிளம்பினால், பாதிக்கு மேல் முன்னால் நிற்கும் வண்டியின் பின்விளக்கைத்தான் பார்க்க முடியும். அப்படிப் போய், திரும்பும் வழியில் மழையில் மாட்டி, விமானத்தைத் தவறவிட்ட ஓர் உறவினர் எங்கள் குடும்பத்தில் உண்டு. அவர் இன்றுவரை மெரைன் டிரைவின் அழகைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

சில ஊர்களில் இந்தக் கவலையை விமான நிலையமே ஏற்றுக்கொள்கிறது. சிங்கப்பூரின் சாங்கியில் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கும் பயணிகளைப் பேருந்தில் ஏற்றி, ஊரைச் சுற்றிக்காட்டி, பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறார்கள், அதுவும் இலவசமாக. மும்பையில் அப்படி ஏதும் கிடையாது. ஆனால் 2014-இல் திறந்த டெர்மினல் 2-இல் ‘ஜய ஹே’ என்ற பெயரில் ஒரு கலைக்கூடம் இருக்கிறது. ராஜீவ் சேத்தி வடிவமைத்தது. நாட்டின் பல மூலைகளிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான கலைப்பொருள்கள், பழைய மரச் சிற்பங்கள், கதவுகள், முகமூடிகள் சுவர் முழுக்க நிற்கின்றன. பக்கத்திலேயே பயணிகள் தலையைக் குனிந்து போனைப் பார்த்தபடி நடந்து போகிறார்கள். ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் வெளியே வரவே வேண்டாம். அந்தச் சுவரை நிதானமாகப் பாருங்கள்.

அதற்கு மேல் இருந்தால் காட்கோபர். ஏன் என்பதை மெட்ரோ சொல்லும். வெர்சோவாவிலிருந்து காட்கோபர் வரை 11.4 கிலோமீட்டர், 12 நிலையங்கள். மும்பையின் முதல் மெட்ரோ இது. 2014 ஜூன் 8-ஆம் தேதி ஓடத் தொடங்கியது. இந்த நகரத்தின் ரயில்கள் எல்லாம் வடக்கு தெற்காகவே ஓடிப் பழகியவை. மேற்கிலிருந்து கிழக்குக்கு வர வேண்டுமானால் சாகி நாகா நெரிசலில் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ தவம் கிடக்க வேண்டியிருந்தது. அந்தக் குறுக்குப் பயணத்தை ஒரு மணி நேரத்துக்கு மேலிருந்து இருபது சொச்சம் நிமிடங்களாக ஆக்கியது இந்த மெட்ரோ. 2024 அக்டோபரில் நிலத்தடி மெட்ரோவின் முதல் பகுதி திறந்த பிறகு விமான நிலையமும் இதனோடு சேர்ந்துவிட்டது. டெர்மினல் 2-இல் ஏறி, அடுத்த நிலையமான மரோல் நாகாவில் இறங்கி, மேலே வந்து மாறினால் சாகி நாகா, அசல்ஃபா, ஜாக்ருதி நகர், காட்கோபர். நான்கே நிலையங்கள்.

அசல்ஃபா வரும்போது ஜன்னல் பக்கம் நில்லுங்கள். குன்று முழுக்க அடுக்கடுக்காக வீடுகள். ஒரு பகுதியின் சுவர்களில் மஞ்சள், ஊதா, பச்சை என்று பளிச்சென்ற வண்ணங்கள். 2017 கடைசியில் தன்னார்வலர்கள் திரண்டு வந்து பூசியது. அப்போது இத்தாலியக் கடற்கரை ஊர்களோடு ஒப்பிட்டுப் பத்திரிகைகள் எழுதின. வண்ணம் வெளிச்சுவருக்குத்தான். உள்ளே அதே பத்தடி அறை, அதே ஏணிப்படி, குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டிய அதே ஏற்றம். இருந்தாலும் அந்தச் சுவர்களுக்குச் சொந்தக்காரர்கள் அதை விரும்பினார்கள் என்பதையும் நான் கேட்டிருக்கிறேன். மெட்ரோவில் போகிற பிள்ளைகள் இன்றும் கை நீட்டிக் காட்டுகிறார்கள்.

இந்தக் குன்றுகளை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். மும்பையின் பிரதான ஓடுபாதையில் கிழக்கிலிருந்து இறங்கும் விமானங்கள் எங்கள் தலைக்கு மேல்தான் வருகின்றன. தகரக் கூரைகள், நீலத் தார்ப்பாய்கள், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகள் எல்லாம் சக்கரம் உரசிவிடும் போலத் தெரியும் அந்தக் கடைசி நிமிடக் காட்சியில் காட்கோபரும் உண்டு. கீழே இருக்கும் எங்களுக்கு அது வேறு மாதிரி. போனில் பேசிக்கொண்டிருப்பவர் ஒரு கணம் நிறுத்தி, சத்தம் கடந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடருவார். விமானப் பாதை என்பதால் சுற்றுவட்டாரத்தில் கட்டடங்களின் உயரத்துக்குக் கட்டுப்பாடு. பழைய கட்டடத்தை இடித்து உயர்த்திக் கட்ட முடியாமல் குர்லாவிலும் வில்லே பார்லேயிலும் இன்னும் காத்திருப்பவர்கள் ஏராளம். 2018 ஜூன் 28-ஆம் தேதி சோதனை ஓட்டத்தில் இருந்த ஒரு சிறிய விமானம் காட்கோபர் மேற்கில், கட்டுமானம் நடந்துகொண்டிருந்த இடத்தில் விழுந்தது. உள்ளே இருந்த நால்வரோடு தெருவில் போன ஒருவரும் இறந்தார். மேலே பறப்பவருக்குப் பயணத்தில் ஒரு நிமிடம் நாங்கள். எங்களுக்கு அந்த நிமிடம் நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கிறது.

காட்கோபர் நிலையத்தில் இறங்கியதும் உடனே வெளியேற வேண்டாம். மெட்ரோவையும் மத்திய ரயில்வேயையும் சேர்க்கும் நடைமேம்பாலத்தில் ஓர் ஓரமாக நில்லுங்கள். 1853 ஏப்ரல் 16-ஆம் தேதி போரி பந்தரிலிருந்து தானேவுக்கு நாட்டின் முதல் பயணிகள் ரயில் போனது இந்த வழித்தடத்தில்தான். காலையில் தானே, டோம்பிவிலி, கல்யாண் பக்கமிருந்து வருகிறவர்கள் இங்கே இறங்கி, அந்தேரி அலுவலகங்களுக்காக மெட்ரோவுக்கு மாறுகிறார்கள். முதுகில் இருக்க வேண்டிய பை எல்லோருக்கும் மார்பில் தொங்கும். யாரும் யாரையும் திட்டுவதில்லை. திட்டுவதற்கு மூச்சு மிஞ்சாது. இந்தக் கூட்டத்தின் திசையைத் தெரிந்துகொண்டால் உங்களுக்கு நன்மை. காலையில் விமான நிலையத்திலிருந்து காட்கோபருக்கு வருவது சுலபம், திரும்புவது கஷ்டம். மாலையில் நேர் எதிர்.

கிழக்குப் பக்கம் வெளியே வந்தால் பேச்சு குஜராத்தியாக மாறிவிடும். கட்ச் பகுதிக்காரர்களும் ஜைனர்களும் நிறைந்த பகுதி. காலையில் வந்தால் ஃபாஃப்டாவும் ஜிலேபியும், துருவிய பப்பாளிக்காய்ப் பொரியலோடு. எந்நேரமும் தேப்லா, காண்ட்வி. மாலை என்றால் வல்லப் பாக் சந்தில் இருக்கும் காவ் கல்லி. தெரு முழுக்க சாப்பாட்டுக் கடைகள். அதில் பாதி தோசைக் கடைகள். நம் தோசை இந்த ஊரில் என்ன ஆயிற்று என்பதை அங்கே நின்று பார்க்கலாம். கல்லில் மாவை ஊற்றி, மேலே வெண்ணெயைக் கட்டியாகப் போடுவார்கள். வெங்காயம், தக்காளி, குடைமிளகாய், உருளைக்கிழங்கு, பாவ்பாஜி மசாலா. அத்தனையையும் தோசையின் மேலேயே வைத்து மசிப்பார்கள். பிறகு துண்டு போட்டு, சுருட்டி, தட்டில் நிறுத்தி, சீஸைப் பனிமழையாகத் துருவுவார்கள். பெயர் ஜினி தோசை. எங்கள் ஆச்சி ஒரு முறை பார்த்துவிட்டு, “இதுக்கு எதுக்குடே அடியில தோசை?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு முழுத் தட்டையும் காலி செய்தாள். மதுரையிலிருந்து வருகிறவருக்கு நான் இதைத்தான் வாங்கித் தருவேன். நல்ல இட்லி அவருக்கு ஊரிலேயே கிடைக்கும்.

தமிழ் காதில் விழ வேண்டும் என்றால் அதற்கும் தூரம் போக வேண்டியதில்லை. கிழக்கு விரைவு நெடுஞ்சாலை ஓரத்தில் காமராஜ் நகர் இருக்கிறது. பெயரே ஆட்களைச் சொல்லிவிடும். ஒட்டினாற்போல மாதா ரமாபாய் அம்பேத்கர் நகர். 1997 ஜூலை 11-ஆம் தேதி அம்பேத்கர் சிலை அவமதிக்கப்பட்டதை எதிர்த்துத் திரண்டவர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் பத்துப் பேர் உயிரிழந்த இடம் அது. இரண்டு பகுதிகளையும் சேர்த்து இடித்து அடுக்குமாடிகளாகக் கட்டும் திட்டம் இப்போது நடக்கிறது. இன்னும் தெற்கே போனால் செடா நகர். செம்பூரையும் காட்கோபரையும் பிரிக்கும் விளிம்பு. அங்கே உயரத்தில் முருகன் கோயில். படியேறிப் போனால் அர்ச்சகர் தமிழில் நட்சத்திரம் கேட்பார். 2024 மே 13-ஆம் தேதி புழுதிக் காற்றில் ராட்சத விளம்பரப் பலகை பெட்ரோல் பங்க் மீது சரிந்து 17 பேர் இறந்ததும் இந்தச் செடா நகர்ப் பக்கம்தான். வெளியூர்க்காரர்கள் காட்கோபரின் பெயரை இப்படிப்பட்ட செய்திகளில்தான் படிக்கிறார்கள். அதனாலும்தான் ஒரு மாலை இங்கே வந்து தோசை சாப்பிடச் சொல்கிறேன்.

ஆண்டுக்கணக்கில் அயல்நாட்டில் இருந்துவிட்டு வருகிறவருக்கு மட்டும் என் யோசனை வேறு. அவரை மாட்டுங்காவுக்கு அனுப்புவேன். காட்கோபரிலிருந்து லோக்கலில் வித்யாவிஹார், குர்லா, சயான், மாட்டுங்கா. நான்காவது நிலையம். 1940-இல் தொடங்கிய கஃபே மெட்ராஸ், 1942-இல் தொடங்கிய ராம நாயக் உடுப்பி, வாழையிலையும் வெற்றிலையும் மல்லிகையும் விற்கும் கடைகள், ஆஸ்திக சமாஜக் கோயில். ஊர் போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே பாதி ஊர் கிடைத்துவிடும். ஆனால் மழைக்காலத்தில் இதைச் செய்யாதீர்கள். குர்லாவிலும் சயானிலும் தண்டவாளம் மூழ்கினால் லோக்கல் நின்றுவிடும். 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்ததை இந்த ஊர் மறக்கவில்லை. காட்கோபர் மெட்ரோ தூண்களின் மேலே ஓடுவது. வெள்ளத்தைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை.

கேட்வே பிரியர்கள் இப்போது என்னை மடக்கலாம். 2025 அக்டோபர் முதல் நிலத்தடி மெட்ரோ கஃப் பரேட் வரை முழுதாக ஓடுகிறது. விமான நிலையத்தில் ஏறினால் நெரிசல் இல்லாமல் தெற்கு மும்பையில் இறங்கலாம். உண்மைதான். என் கணக்கின் பாதி அன்றைக்கே அடிபட்டுப் போயிற்று. ஆனாலும் என் பேச்சை மாற்றிக்கொள்ள மாட்டேன். கேட்வேயை நீங்கள் சினிமாவில் பார்த்தாயிற்று. நேரில் போய் நின்றால் அது அப்படியே இருப்பதைச் சரிபார்த்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்புவீர்கள். பயந்து பயந்து கடிகாரம் பார்ப்பவருக்கு நினைவுச்சின்னம் ஒன்றும் தராது. கூட்டத்தையும் சாப்பாட்டையும் பேச்சையும் அரைமணி நேரத்தில்கூட அனுபவிக்கலாம். இந்த ஊர் எப்படிப் பிழைக்கிறது என்பதும் அங்கேதான் தெரியும்.

கிளம்பும் முன் சில வேலைகள். பெரிய பெட்டியோடு மெட்ரோ ஏற முயலாதீர்கள். டெர்மினலில் கட்டணத்துக்குப் பெட்டி வைக்கும் இடம் உண்டு. அடுத்த விமானம் டெர்மினல் 1-இலிருந்தா, 2-இலிருந்தா என்று பாருங்கள். இரண்டும் வேறு வேறு கட்டடம், வேறு வேறு மெட்ரோ நிலையம். 2025 டிசம்பரிலிருந்து நவி மும்பை விமான நிலையமும் இயங்குகிறது. ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறும்படி டிக்கெட் அமைந்துவிட்டால் ஊர் சுற்றும் யோசனையையே விட்டுவிடுங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் விசா இல்லாமல் வெளியே வர முடியாது. இலங்கைச் சொந்தங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இவை சரியாக இருந்தால் தயங்காதீர்கள். காத்திருக்கும் நேரத்தை வீண் என்று நினைத்து நாற்காலியில் சாய்ந்து கிடக்கவும் வேண்டாம். அந்த நேரத்துக்குள் மும்பை முழுவதையும் அடக்கப் பார்க்கவும் வேண்டாம். ஒரே ஒரு பேட்டையைத் தேர்ந்தெடுங்கள், அங்கே சாப்பிடுங்கள், நடங்கள், விமானத்துக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது திரும்பிவிடுங்கள். மும்பையில் அந்தப் பேட்டை காட்கோபர் என்பது என் தீர்ப்பு.