பழிவாங்கலும் பழிதீர்த்தலும்

2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத் அரங்கில் கூடியிருந்த தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்டோரில் பலர் ஒரு கிரிக்கெட் ஆட்டத்தைப் பார்க்க மட்டும் வந்தவர்களல்லர். ஒரு பழைய கணக்கு தீர்க்கப்படுவதைக் காண வந்தவர்கள். 2003 மார்ச் 23 அன்று ஜொகனஸ்பர்க்கில் எழுதப்பட்ட கணக்கு அது. ரிக்கி பாண்டிங் ஆட்டமிழக்காமல் 140 ஓட்டங்கள் எடுக்க, ஆஸ்திரேலியா இரண்டே விக்கெட் இழப்பில் 359 குவித்தது. இந்தியா 125 ஓட்ட வித்தியாசத்தில் உலகக் கோப்பையை இழந்தது. இருபதாண்டுக் கடன் வட்டியோடு வசூலாகும் நாள் வந்துவிட்டது என்று இறுதியாட்டத்துக்கு முன்பே பேச்சு கிளம்பியிருந்தது.

கடன்பட்டவர் யார், கடன் கொடுத்தவர் யார் என்பதை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அன்று களமிறங்கிய பதினொரு இந்தியர்களில் ஒருவர்கூட 2003 இறுதியாட்டத்தில் ஆடியவரல்லர். சுப்மன் கில்லுக்கு அப்போது வயது மூன்று. அந்தத் தோல்வியைக் களத்தில் நின்று அனுபவித்தவராகப் பயிற்சியாளர் ராகுல் டிராவிட் இருந்தார். அவர் எல்லைக்கோட்டுக்கு வெளியே அமர்ந்திருந்தார். எதிரணியிலோ பாண்டிங்கும் இல்லை, மெக்ராத்தும் இல்லை.

ஆட்டத்தின் முடிவு ஊரறிந்தது. முதல் 10 ஓவர்களில் 80 ஓட்டங்கள் எடுத்த இந்தியா, அடுத்த 40 ஓவர்களில் அடித்தவை நான்கே பவுண்டரிகள். 240 ஓட்டங்களுக்குள் அனைவரும் ஆட்டமிழந்தனர். டிராவிஸ் ஹெட் 137 ஓட்டங்கள் எடுத்து ஆட்டத்தை முடித்துவைத்தார். பழியுணர்ச்சிதான் இந்தியாவைத் தோற்கடித்தது என்று சொல்வது நேர்மையாகாது. ஆடுகளம் மந்தமாக இருந்தது. எதிரணி அன்று மேலாக ஆடியது. ஆயினும் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். இருபதாண்டுப் பழி, அந்த 240-ஐ 241 ஆக்கவில்லை.

விளையாட்டில் பழியுணர்ச்சி பயன்படுமா என்ற கேள்விக்குக் கிடைக்கும் சான்றுகளில் ஒரு பெரிய பிழை ஒளிந்திருக்கிறது. அதே ஆண்டு நவம்பர் 15 அன்று மும்பை அரையிறுதியில் இந்தியா நியூசிலாந்தை 70 ஓட்டங்களில் வென்றபோது, 2019 அரையிறுதித் தோல்விக்குப் பழிதீர்த்துவிட்டதாகப் பேசப்பட்டது. நான்கு நாள் கழித்துத் தோற்றபோது பழி என்ற சொல்லே காணாமற்போனது. வென்றால் பழி வென்றது. தோற்றால் வேறு ஏதோ தோற்றது. இப்படி வெற்றிகளிலிருந்து மட்டுமே சான்று திரட்டப்படும்போது, எந்த மருந்தும் கைகண்ட மருந்தாகத்தான் தோன்றும்.

தமிழ் விளையாட்டுச் செய்திகள் இந்த இடத்தில் இரண்டு வினைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகின்றன: பழிவாங்கியது, பழிதீர்த்தது. இரண்டும் ஒன்றெனவே வாசிக்கப்படுகின்றன. ஆனால் சொற்களைச் சற்றுப் பிரித்துப் பார்த்தால் அவற்றின் முகங்கள் வெவ்வேறு திசையில் இருப்பது தெரியும். 'பழி' என்பதற்கு முதற்பொருள் நிந்தை, குற்றம், இகழ்ச்சி; ஒருவர்மேல் படிந்துவிட்ட கறை. 'வாங்குதல்' என்பதற்கு இன்னொருவர் வேண்டும். அவரிடமிருந்துதான் வாங்க முடியும். 'தீர்த்தல்' என்பதற்கு அப்படி இன்னொருவர் தேவையில்லை. கடன் தீர்கிறது, நோய் தீர்கிறது, ஐயம் தீர்கிறது. தீர்ப்பவனின் பார்வை தன்மேல் உள்ள கறையின்மீது இருக்கிறது. வாங்குபவனின் பார்வை எதிரியின் முகத்தின்மீது இருக்கிறது. ஓர் அணி இறுதியாட்டத்துக்குள் எதைச் சுமந்துகொண்டு நுழைகிறது என்ற கேள்விக்கான விடை பெரும்பாலும் இந்த வேறுபாட்டில்தான் கிடக்கிறது.

பழியுணர்ச்சிக்கு ஆதரவாக எவரும் முன்வைக்கக்கூடிய வலுவான சான்று 1936 பெர்லின் ஒலிம்பிக். அதற்கு முந்தைய இரண்டு ஒலிம்பிக்கிலும் ஹாக்கித் தங்கம் வென்றிருந்த இந்திய அணி, ஜூலை 17 அன்று நடந்த பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 4-1 என்று தோற்றது. அன்றிரவு வீரர்களால் உறங்க முடியவில்லை என்று அணித்தலைவர் தயான் சந்த் பின்னாளில் தம் சுயசரிதையில் நினைவுகூர்ந்தார். ஆகஸ்ட் 15 அன்று இறுதியாட்டத்தில் அதே ஜெர்மனியை இந்தியா 8-1 என்று வீழ்த்தியது. பழிக்குப் பழி என்பதற்கு இதைவிடப் பொருத்தமான கதை ஏது?

ஆனால் அந்த இரண்டு தேதிகளுக்கும் இடையிலுள்ள நாள்களில் நடந்ததைக் கவனிக்க வேண்டும். தோல்விக்குப் பின் அணி தன் குறையைத் தேடியது. தாக்குதல் வரிசையில் ஓர் ஓட்டை இருந்தது. அதை அடைக்க இந்தியாவிலிருந்து தாராவை அவசரமாக வரவழைத்தார்கள். அவர் அரையிறுதிக்குள் வந்து சேர்ந்தார். பிரான்ஸ் 10-0 என்று சுருண்டது. மழையால் ஒருநாள் தள்ளிப்போன இறுதியாட்டத்தின் முற்பாதியில் இந்தியா எடுத்தது ஒரே ஒரு கோல். ஈரத் தரையில் கால் நிலைக்கவில்லை என்று உணர்ந்த தயான் சந்த், பிற்பாதியில் தம் ஆணிக் காலணிகளைக் கழற்றிவிட்டு ஆடினார். வெறி தலைக்கேறியவன் காலணியைப் பற்றி யோசிக்கமாட்டான். ஜூலையில் பட்ட அவமானம் அணியைத் தன் ஓட்டைகளைத் தேட வைத்தது. ஆகஸ்டில் ஆட்டத்தை வென்றது அவ்வாறு அடைக்கப்பட்ட ஓட்டைகள். கோபம் தந்தி அலுவலகம்வரை சென்றது. களத்துக்குள் அது நுழைந்ததற்கு அடையாளமில்லை.

களத்துக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1982 டெல்லி சான்று. 1970, 1974, 1978 ஆகிய மூன்று ஆசிய விளையாட்டுகளிலும் ஹாக்கியில் பாகிஸ்தான் தங்கமும் இந்தியா வெள்ளியும் பெற்றிருந்தன. டிசம்பர் 1 அன்று தலைநகரில், நாட்டின் பிரதமர் முன்னிலையில், அதே பாகிஸ்தானோடு இறுதியாட்டம். பன்னிரண்டாண்டுப் பழி சொந்த மண்ணில் தீரும் என்று கூட்டம் காத்திருந்தது. முதல் கோலை இந்தியா அடித்ததும் அரங்கம் அதிர்ந்தது. அதன்பின் இந்தியத் தற்காப்பு அடுத்தடுத்து உடைந்தது. ஆட்டம் முடிந்தபோது 7-1.

வசூலாகாத பழி காற்றில் கரைந்துவிடுவதில்லை. எதிரியிடம் வாங்க முடியாததை மக்கள் தம்மவர் ஒருவரிடம் வாங்கினார்கள். கோல்கீப்பர் மீர் ரஞ்சன் நேகி விலைபோய்விட்டார் என்ற வதந்தி பரவியது. ஏழு கோல்களை விட்டவர் என்பதற்கு மேல், நாட்டை விற்றவர் என்ற கறை அவர்மீது பூசப்பட்டது. சென்ற இடமெல்லாம் வசவு. ஹாக்கியை விட்டே அவர் பல ஆண்டுகள் விலகியிருக்க நேர்ந்தது. ஓர் இறுதியாட்டத்தைப் பழிவாங்கும் சடங்காக மாற்றுகிறவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய விலை இது. ஆட்டமாகத் தொடங்கியிருந்தால் தோல்வி ஒரு தோல்வியாக முடிந்திருக்கும். பழியாகத் தொடங்கியதால் தோல்வி துரோகமாயிற்று.

நேகியின் கதை அங்கே முடியவில்லை. 2002 மான்செஸ்டர் காமன்வெல்த் விளையாட்டில் இந்திய மகளிர் ஹாக்கி அணி தங்கம் வென்றபோது, அதன் கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி அளித்தவர் அவர். 'சக் தே! இந்தியா' திரைப்படத்தின் நடிகைகளுக்கு ஹாக்கி கற்பித்தவரும் அவரே. அவருடைய கறையைக் கழுவிய ஆட்டம் எதிலும் பாகிஸ்தான் எதிரணியாக இல்லை. அவர் பழிவாங்கவில்லை, பழி தீர்ந்தது.

பழிவாங்கியவர்களின் மனம் குறித்து உளவியலாளர்கள் கார்ல்ஸ்மித், வில்சன், கில்பர்ட் ஆகிய மூவர் 2008-இல் வெளியிட்ட ஆய்வொன்று நினைவுகூரத்தக்கது. தம்மை ஏய்த்தவரைத் தண்டித்தால் மனம் ஆறும் என்று மக்கள் எதிர்பார்க்கிறார்கள். ஆனால் தண்டிக்கும் வாய்ப்புக் கிடைத்தவர்கள், அது கிடைக்காதவர்களைவிட மோசமான மனநிலையில்தான் இருந்தார்கள். காரணம் எளிது: தண்டித்தவர்கள் ஏய்த்தவரைப் பற்றியே தொடர்ந்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். அது ஆய்வுக்கூடத்து விளையாட்டில் கண்ட முடிவு; உலகக் கோப்பைக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது. ஆனால் எதிரியை நினைப்பது கவனத்தைத் தின்னும் என்ற செய்தி களத்துக்கும் உரியது. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்தை மட்டையாளர் அரை நொடிக்குள் கணிக்க வேண்டும். அந்த அரை நொடியில் பழைய கணக்கைப் புரட்ட இடமில்லை.

எனில், வன்மம் முழுவதும் வீணா? இல்லை என்பதற்குச் சங்கப் பாடல்களில் ஒரு பழைய சாட்சி உண்டு. புறத்திணையில் வஞ்சினக் காஞ்சி என்றொரு துறை. தலையாலங்கானத்துப் பாண்டியன் நெடுஞ்செழியன் பாடியதாகப் புறநானூற்றில் 72-ஆம் பாட்டாக நிற்பது அத்துறையைச் சேர்ந்தது. இளையவன் என்று தன்னை எள்ளிய பகைவேந்தர்மீது அவன் சினம் கொள்கிறான். அவமானம்தான் தூண்டுகோல், அதில் ஐயமில்லை. ஆனால் அவன் உரைக்கும் வஞ்சினத்தின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். பகைவரை வெல்லேனாயின் குடிகள் என்னைக் கொடியன் என்று தூற்றட்டும், புலவர் என் நாட்டைப் பாடாதொழியட்டும், இரப்பவர்க்கு ஈய இயலாத வறுமை என்னைச் சேரட்டும் என்கிறான். நிபந்தனையில் மட்டுமே பகைவன் வருகிறான். தண்டனையின் பயனிலைகள் எல்லாம் தன்னைச் சுட்டுகின்றன. பழியுணர்ச்சி 'அவனை என்ன செய்வேன்' என்று கேட்கிறது. வஞ்சினம் 'செய்யாவிட்டால் நான் யார்' என்று கேட்கிறது. இரண்டாவது கேள்வியோடு ஓர் அணி ஓராண்டு உழைக்க முடியும். முதற்கேள்வியோடு ஒரு மாலைப்பொழுதுகூட நிதானமாக நிற்க முடியாது.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. கறை ஏற்படுத்தியவனே இறுதியாட்டத்தில் எதிரே வந்து நிற்பான் என்று எந்த அட்டவணையும் உறுதி தருவதில்லை. 2024 ஜூன் 24 அன்று செயின்ட் லூசியாவில் ரோகித் சர்மா 41 பந்துகளில் 92 ஓட்டங்கள் விளாச, இந்தியா ஆஸ்திரேலியாவை வென்றது. அகமதாபாத்துக்குப் பழி தீர்ந்தது என்ற கொண்டாட்டம் எழுந்தது. ஆனால் அது சூப்பர் 8 ஆட்டம். கோப்பை இன்னும் தொலைவில் இருந்தது. ஐந்து நாள் கழித்துப் பார்படோஸ் இறுதியாட்டத்தில் எதிரே நின்றது தென்னாப்பிரிக்கா. அதன்மீது அந்த அணிக்கு எந்தப் பழங்கணக்கும் இல்லை. 30 பந்துகளில் 30 ஓட்டங்கள் எடுத்தால் போதும் என்ற நிலையில் இருந்த அணியை ஏழு ஓட்டங்களில் தடுத்தது பும்ராவின் பந்துவீச்சும் எல்லைக்கோட்டில் சூர்யகுமார் பிடித்த பந்தும். அங்கே பழிவாங்க எவரும் இல்லை. செய்வதற்கு வேலை மட்டும் இருந்தது.

2017 ஜூலை 23 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் மகளிர் உலகக் கோப்பை இறுதியாட்டம். 229 என்ற இலக்கைத் துரத்திய இந்தியா 3 விக்கெட்டுக்கு 191 என்று வலுவாக நின்றது. அங்கிருந்து சரிந்து 219-இல் முடிந்தது. ஒன்பது ஓட்டங்களில் கோப்பை நழுவியது. அணித்தலைவர் மிதாலி ராஜ், மூன்று விக்கெட் எடுத்த ஜூலன் கோஸ்வாமி இருவருமே உலகக் கோப்பை இல்லாமல் ஓய்வுபெற்றார்கள்.

2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் இந்தியா 298 ஓட்டங்கள் எடுத்து, தென்னாப்பிரிக்காவை 246-இல் சுருட்டியது. லார்ட்ஸில் ஆடிய தீப்தி சர்மா ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்தினார். லார்ட்ஸில் அரைச்சதம் அடித்தும் தோல்வியைக் கண்ட ஹர்மன்ப்ரீத் கவுர் கடைசிப் பந்தைப் பிடித்தார். எதிரணி இங்கிலாந்து அல்ல. எட்டாண்டுக்கு முந்தைய அந்த மாலையோடு அன்றைய எதிரணிக்கு எந்தத் தொடர்பும் இல்லை.

வெற்றிக்குப் பின் வீராங்கனைகள் கோப்பையை எடுத்துக்கொண்டு மிதாலியிடமும் ஜூலனிடமும் சென்றார்கள். கோப்பையை ஏந்திய ஜூலன் கண்ணீர்விட்டார். அந்தக் கண்ணீரில் இங்கிலாந்துக்கு இடமில்லை. வாங்க வேண்டியது எதுவும் எவரிடமும் இல்லாத ஒரு மாலையில், பழி தீர்ந்திருந்தது.